இடப்பக்கச் செட்டை ஏன் விரியவில்லை: தேசிமரத்து வண்ணத்துப்பூச்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கையில் கிடைத்தது ஒரு தேசி வண்ணத்துப்பூச்சி. விலங்கியற் பெயர் பப்பிலியோ டெமோலியஸ். வலப்பக்கத்து முன்செட்டையும் பின்செட்டையும் முழுதாக விரிந்து, காய்ந்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. இடப்பக்க முன்செட்டை அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை ஒழுங்காக விரிந்திருந்தது. அதற்கப்பால் ஒரு நேர்கோட்டில் மடங்கி, சுருண்டு, அப்படியே இறுகிவிட்டது. இடப்பக்கப் பின்செட்டையில் வெளி ஓரம் மட்டும் சுருங்கியிருந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஆறு காலும் வேலை செய்தன, உறிஞ்சுகுழலும் சுருண்டு நீண்டது.

இடம், இரணைமடுக் குளத்து வாய்க்காலை அண்டிய ஒரு வீட்டு வளவு. தேசி, தோடைக் கன்றுகளைப் பொலித்தீன் பைகளில் வளர்த்து விற்கிற வீடு அது. காலம், சோளகம் பிடித்து வீசுகிற ஆடி மாதம். பூச்சியைக் கண்டெடுத்தது அந்த வீட்டில் பத்தாம் தரம் படிக்கிற பிள்ளை. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, "ரீச்சர், இது சாகேல்லை. ஒரு பக்கச் செட்டைதான் விரியேல்லை. நான் மெல்லமா விரிச்சுவிடட்டோ?" என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, தொடாதையும். எங்கை இருந்து எடுத்தனீர் எண்டு முதல்லை காட்டும்" என்றேன். அன்று பின்னேரமே வளவுக்குப் போய்ப் பார்த்தோம்.

முழுதாக விரிந்த செட்டை அழகாக இருக்கும், ஆனால் அது எப்படி உருவானது என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இந்தப் பூச்சியில் ஒரு பக்கம் வேலை முடிந்தும், மறுபக்கம் வேலை நடுவில் நின்றும் இருந்தது. ஒரே உடம்பு, ஒரே நாள், ஒரே வெயில். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் செட்டையின் கட்டமைப்பையும் அது செய்கிற வேலையையும் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பூச்சி வந்த வழி

தேசி வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது தேசி, தோடை போன்ற மரங்களின் குருத்திலைகளில். சின்னப் புழு கறுப்பும் வெள்ளையுமாய்க் குருவி எச்சம்போலவே இருப்பதால் பறவைகள் கவனிப்பதில்லை. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் கவர்விட்ட கொம்பு ஒன்றை வெளியே தள்ளிக் கடும் மணம் விடும். பெரிய மரத்துக்கு இந்தப் புழுவால் பெரிய கேடில்லை. பையில் நிற்கிற கன்றுக்கு உண்டு, இரண்டு மூன்று புழு இருந்தால் போதும், இலை முழுவதும் போய்விடும். இந்த வீட்டில் மருந்தடிப்பதில்லை. தாயும் மகளும் கன்றுகளில் காண்கிற புழுக்களைக் கையால் எடுத்து, காய்க்கிற பெரிய தேசிமரத்தில் விட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆய்விலும் அது உதவியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முற்றிய புழு தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேடி அலையும். ஒரு குச்சியிலோ தண்டிலோ பட்டுநூலால் சின்னத் திண்டு கட்டி, வால்நுனியை அதில் பொருத்தி, இடுப்பைச் சுற்றியும் ஒரு நூல் போட்டுச் சாய்ந்த நிலையில் கூட்டுப்புழுவாகும். எங்கள் பூச்சி தேர்ந்தெடுத்தது வேலியில் நின்ற ஒரு கிளுவைக் கதியால். வெறுங்கூடு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே கதியாலில்தான், கன்றுகளுக்கு வெயில்படாமல் கட்டிய தறப்பாளின் ஒரு மூலையும் கட்டப்பட்டிருந்தது. கயிறு தளர்ந்து, தறப்பாளின் மடித்துத் தைத்த விளிம்பு கதியாலோடு உரசிக்கொண்டு கிடந்தது. சோளகம் வீசும்போதெல்லாம் அது கதியாலில் ஒட்டி அமுங்கியது.

செட்டை விரிகிற நேரம்

செட்டை வெளிவந்த பிறகு முளைப்பதில்லை. புழுவின் நெஞ்சுக்குள்ளேயே நாலு சிறு திசுத்தட்டுகளாக அது இருக்கிறது. கூட்டுப்புழுவாக மாறும்போது அவை வெளித்தள்ளிக் கூட்டின் தோலுக்குக் கீழே படிகின்றன. கூட்டுப்புழுவின் பக்கத்தில் செட்டையின் வடிவம் வரம்பாகத் தெரிவது அதனால்தான். செதில் முளைப்பதும் நிறம் ஏறுவதும் உள்ளேயே முடிந்துவிடும். வெளிவருவதற்குச் சற்று முன்னர் கூட்டின் தோலுக்கூடாகக் கறுப்பும் மஞ்சளும் தெரியத் தொடங்கும்.

கூட்டைப் பிளந்து வரும்போது செட்டைகள் தடித்து, ஈரமாக, சின்னதாகத் தொங்கும். பூச்சி உடனே ஏறி, செட்டை கீழ்நோக்கித் தொங்கக்கூடிய ஒரு பிடிமானத்தைத் தேடும். பிறகு காற்றை விழுங்கி, வயிற்றுத் தசையை இறுக்கி, குருதியை நெஞ்சுக்கும் அங்கிருந்து செட்டை நரம்புகளுக்கும் தள்ளும். செட்டை என்பது ஒன்றோடொன்று படிந்த இரண்டு மெல்லிய தோல்கள், அவற்றுக்கிடையே குழாயாக ஓடும் நரம்புகள். அழுத்தம் ஏற ஏற அடியிலிருந்து நுனி நோக்கி மடிப்புகள் ஒவ்வொன்றாக நீங்கும். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளில் அரை மணித்தியாலத்துக்குள் முழு அளவு வந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் மீள முடியாதது. பேர்சிகொன் என்ற ஓமோனின் தூண்டலால் தோலிலுள்ள புரதங்கள் பிணைந்து இறுகுகின்றன. இரண்டு தோலுக்கும் இடையில் இருந்த கலங்களிற் பெரும்பகுதி அழிந்து, தோல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. மேலதிக நீர் உடம்புக்குத் திரும்புகிறது. பறக்கிற அளவுக்கு இறுக இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும். புழுவுக்குத் தோல் கழற்றிப் புதுத்தோல் போட வாய்ப்பு உண்டு. வளர்ந்த பூச்சிக்கு அது கிடையாது. அந்தப் பிள்ளை விரித்துவிடலாமா என்று கேட்டபோது நான் மறித்தது இதற்காகத்தான். இறுகிய தோலை இழுத்தால் விரியாது, நரம்போடு கிழியும்.

காரணம் தேடியது

முதலில் நினைவுக்கு வந்தது சோளகத்தின் வறட்சி. காற்று வறண்டால் ஈரச்செட்டை விரியுமுன்னே காய்ந்துவிடக்கூடும். ஆனால் வறட்சி இடம், வலம் பார்ப்பதில்லை. வலப்பக்கம் முழுதாக விரிந்திருக்கிறது. உடம்புக்குள் அழுத்தம் போதாமல் போயிருக்கலாம் என்ற எண்ணமும் இதே இடத்தில் அடிபட்டுப்போகிறது. குருதியைத் தள்ளுகிற வயிறு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். பூச்சிமருந்து இன்னொரு சாத்தியம். பூச்சித் தோலின் முக்கிய பொருளான கைற்றின் உருவாவதைத் தடுக்கிற மருந்துகள் உண்டு, அவை தோல் கழற்றுதலையே குழப்பும். ஆனால் புழுவைக் கையால் எடுக்கிற இந்த வளவில் மருந்து இல்லை, அந்தப் பழக்கம் ஆய்வுக்கு உதவியது என்று சொன்னது இதைத்தான். அயல் வயலிலிருந்து காற்றில் வந்திருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கோடு போட்டதுபோல் விளைவு வந்திராது.

ஒட்டுண்ணி பற்றியும் யோசித்தேன். செட்டை சுருங்கிய வண்ணத்துப்பூச்சி என்றதும் பலர் சொல்வது மொனார்க் வகைகளைத் தாக்குகிற ஒரு நுண்ணுயிர் நோயைத்தான். அது எருக்கலையில் வளர்கிற குடும்பத்துக்குரியது, தேசியில் வளர்கிற பப்பிலியோவுக்கு அல்ல. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிகள் தாக்கியிருந்தால் வண்ணத்துப்பூச்சியே வெளிவந்திருக்காது. கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குளவிகள்தான் வந்திருக்கும்.

கூட்டுப்புழுவாக இருந்தபோது அடிபட்டதோ? வெறுங்கூட்டைக் கழற்றிக் கைவில்லையால் பார்த்தோம். இடப்பக்கச் செட்டை உறையில் பள்ளமோ கறுத்த தழும்போ இல்லை, வலப்பக்கத்தைப் போலவே வழுவழுப்பாக இருந்தது. ஆகவே கோளாறு கூட்டை விட்டு வந்த பிறகுதான் நடந்திருக்கிறது.

மிஞ்சியது தறப்பாள். அதன் தையல் விளிம்பில், கூட்டுக்குச் சற்று மேலே, காய்ந்த கறை ஒன்று இருந்தது. வெளிவந்த பூச்சி செட்டை விரிக்கிற நேரத்தில் கழிக்கிற நீர் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் செலோரேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடி வழுக்கியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கறுப்பும் மஞ்சளுமாகச் செதில்கள் கிடந்தன. பக்கத்தில் வேறு இடங்களில் ஒட்டி எடுத்த ரேப்பில் தூசி மட்டுமே இருந்தது. முன்செட்டையில் மடிப்பு விழுந்த கோடும் நேராக இருந்தது. செட்டையின் இயல்பான மடிப்புகள் நரம்புகளை ஒட்டி வளைந்து போகும், இது நரம்புகளை ஊடறுத்துப் போனது.

என் முடிவு இதுதான்: பூச்சி கதியாலில் ஏறி நின்று செட்டையை விரிக்கத் தொடங்கியிருக்கிறது. இடப்பக்கம் அடிப்பகுதி விரிந்து முடிகிற நேரத்தில், காற்றில் அமுங்கிய தறப்பாளின் விளிம்பு அதைக் கதியாலோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. ஈரத்தோல் அந்த வழுவழுப்பான பரப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நரம்பு நெரிபட்ட இடத்துக்கப்பால் குருதி போகவில்லை. அழுத்தம் விலகியபோது தோல் இறுகிவிட்டது. பின்செட்டை தப்பியதற்கும் காரணம் தெரிகிறது: முன்செட்டைக்குக் கீழே ஒதுங்கிக் கிடக்கிற அதன் வெளி ஓரம் மட்டும்தான் விளிம்பில் அகப்பட்டிருக்கிறது. அதே வேலியில், தறப்பாள் படாத கதியாலொன்றில் இருந்த இன்னொரு கூட்டுப்புழு அந்த நாட்களிலேயே குறையில்லாமல் வெளிவந்து பறந்துபோனது.

நுணுக்குக்காட்டியில் கண்டது

சீனித்தண்ணீர் நனைத்த பஞ்சில் குடித்துக்கொண்டு அந்தப் பூச்சி சில நாள் இருந்தது. செத்த பிறகு நாலு செட்டையையும் பிரித்து வைத்தோம். உயர்தரப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

வலப்பக்கத்தில் செதில்கள் வரிசை வரிசையாக, கிடுகு வேய்ந்ததுபோல ஒன்றின் நுனி அடுத்ததன் அடியை மூடியபடி கிடந்தன. ஒரு செதில் ஏறத்தாழ பத்திலொரு மில்லிமீற்றர் நீளம், அதில் பாதி அகலம். ஒரு சதுர மில்லிமீற்றரில் சில நூறு செதில்கள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரேயொரு கலம் வளர்த்துவிட்டுச் செத்துப்போன தட்டு. காம்பொன்றால் செட்டைத் தோலிலுள்ள குழியில் செருகப்பட்டிருக்கும். கீழ்ப்பக்கம் மட்டமானது. மேற்பக்கத்தில் நீளவாட்டில் வரம்புகள் ஓடும், அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும், இடையில் திறப்புகள். வரம்புகளைப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியிலேயே மெல்லிய கீறல்களாகக் காணலாம், திறப்புகளைக் காண இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

இடப்பக்கம்தான் எங்களை அதிகநேரம் இருத்திவைத்தது. சுருண்ட பகுதியிலும் செதில்கள் அத்தனையும் இருந்தன. வடிவம் அதேதான், நிறமும் அதேதான். ஆனால் வரிசைகள் நெருங்கி, நுனிகள் நிமிர்ந்து, ஒன்றன்மேலொன்று குவிந்து கிடந்தன. மஞ்சள் புள்ளிகளை எண்ணிப் பார்த்தோம், வலப்பக்கத்தில் உள்ளவை எல்லாம் இடப்பக்கத்திலும் நெருக்கமாக இருந்தன. கோலம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே போடப்பட்டுவிட்டது. விரிவது தோல் மட்டும்தான், செதில் பெரிதாவதில்லை. புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிற இந்த விடயத்தைப் பிள்ளைகள் அன்று கண்ணால் கண்டார்கள்.

கறுப்பு, மெலனின். மஞ்சள், பப்பிலியோகுரோம் என்ற நிறப்பொருள். இது இந்தக் குடும்பத்துக்கே உரியது. வளவில் பறக்கிற வெள்ளை, இளமஞ்சள் பூச்சிகள் வேறு குடும்பம், அவற்றின் நிறம் தெரின் என்ற வேறு பொருள். இவை எல்லாம் நிறப்பொருளால் வருபவை. வன்னிக் காட்டில் இன்னொரு விதமும் இருக்கிறது. முதிரை மரத்து இலையைத் தின்று வளர்கிற பப்பிலியோ கிரினோ என்ற பூச்சியின் கறுப்புச் செட்டையில் ஓடுகிற பசும்நீலப் பட்டை, சாய்த்துப் பார்க்கும்போது மின்னி நிறம் மாறும். அந்த நீலத்தைத் தருவது செதிலுக்குள் அடுக்கடுக்காக இருக்கிற மிக மெல்லிய படைகள். ஒளி அவற்றில் தெறித்து, சில அலைநீளங்கள் வலுப்பட்டும் சில அழிந்தும் வெளிவருகிறது. தென்னமெரிக்க மோர்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலமும் கட்டமைப்பால் வருவதே. அதன் செட்டையில் அற்ககோல் விட்டால் பச்சையாகும், காய்ந்ததும் நீலம் திரும்பும். இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் திரவம் நிற்கிறபோது ஒளி முறிகிற அளவு மாறுவதே காரணம். முதிரை வெட்டப்படுகிற வேகத்தைப் பார்க்கிறபோது, அந்தப் பசும்நீலத்தை எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கவேண்டி வருமோ என்ற கவலை எனக்கு உண்டு.

செதிலுக்கு நிறம் காட்டுவது மட்டும் வேலையல்ல. தண்ணீர் அதில் ஒட்டாது, துளியாக உருண்டு தூசியையும் கொண்டுபோய்விடும். சிலந்தி வலையில் பட்டால் செதில் கழன்று வலையில் ஒட்டிக்கொள்ள, பூச்சி தப்பிவிடும். பப்பிலியோ குடும்பத்தில் எங்கள் நாட்டிலும் பறக்கிற ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பக்கிலியொப்டா அரிஸ்டொலோகியே. அதன் கறுப்புச் செதிலில் ஒழுங்கற்றுப் பரந்த நுண்துளைகள் ஒளியை உள்ளே சிதறவைத்துப் பிடித்துக்கொள்கின்றன. அதைப் பார்த்து மெல்லிய சூரியக்கலத்தில் துளையிட்டுப் பார்த்த ஜேர்மன் ஆய்வு 2017இல் வெளியானது.

பறப்பு

உயிரோடு இருந்தபோது அந்தப் பூச்சி பலமுறை பறக்க எத்தனித்தது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாகச் சுழன்று கீழே வந்தது. வலச்செட்டை தருகிற தூக்குவிசைக்கு இடப்பக்கத்தில் ஈடு இல்லை. சரிசெய்கிற தசை அதற்கு உண்டு, ஆனால் இழப்பு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. வண்ணத்துப்பூச்சியின் செட்டைக்குள் தசை கிடையாது. நெஞ்சுக்கூட்டின் தசைகள் கூட்டையே மேலும் கீழும் பக்கமும் அமுக்கிச் செட்டையை அடிக்கவைக்கின்றன. முன்செட்டையும் பின்செட்டையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து சேர்ந்தே அடிக்கின்றன.

இதே வளவில் இரண்டு பின்செட்டையும் குருவி கொத்தியதுபோல ஒரே அளவில் கிழிந்த ஒன்று தாராளமாகப் பறந்து திரிந்தது. இதற்கும் விளக்கம் உண்டு. பின்செட்டைகளை அகற்றிப் பார்த்த ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. பூச்சிகள் தொடர்ந்து பறந்தன. ஆனால் துரத்துகிறவனை ஏய்க்கிற திடீர் வளைவுகளும் திருப்பங்களும் குறைந்துபோயின. முன்செட்டை தூக்கும், பின்செட்டை தப்பவைக்கும் என்று சுருக்கலாம். எங்கள் பூச்சிக்குப் பின்செட்டை பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தது, போனது முன்செட்டை.

மடிந்த பகுதி இறுகி விறைத்திருந்ததும் இன்னொரு இழப்பு. செட்டை வளையவேண்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2021இல் காட்டியபடி, மேலே போகிற செட்டைகள் குழிந்து ஒன்றோடொன்று மோதிக் காற்றைப் பின்னே தள்ளுகின்றன. வளையும் மாதிரிச் செட்டை, விறைத்த மாதிரியைவிட 22 வீதம் கூடிய உந்துதலையும் 28 வீதம் கூடிய வினைத்திறனையும் தந்தது.

செட்டைக்குள் உயிர்

விரிந்து இறுகிய செட்டை செத்த தட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நரம்புகளுக்குள் குருதி தொடர்ந்து ஓடுகிறது, மூச்சுக்குழாய்களும் உணர்வைக் கடத்தும் நரம்பிழைகளும் இருக்கின்றன, ஆண்பூச்சிகள் சிலவற்றில் மணம் விடும் திட்டுகளும் உண்டு. நெஞ்சிலுள்ள சிறு துடிப்புறுப்புகள் குருதியைச் செட்டையிலிருந்து உறிஞ்சி எடுக்கின்றன. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, இந்த உயிருள்ள பகுதிகள் மற்றப் பகுதிகளைவிடக் குளிராக வைக்கப்படுவதைக் காட்டியது. அங்கு தோல் தடிப்பானது, செதிலின் அமைப்பும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்ற உதவுகிறது. செட்டை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வரை சூடானதும் பூச்சிகள் திரும்பி நின்று வெயிலைத் தவிர்த்தன. ஆடி மாத நடுப்பகலில் வன்னி வளவில் நிற்கிற ஒரு பூச்சிக்கு இது வாழ்வும் சாவுமான விடயம். எங்கள் பூச்சியின் மடிந்த பகுதியில் இந்த ஓட்டம் இருந்திருக்க வழியில்லை. வெயிலில் வைத்தபோது அது வலப்பக்கத்தைச் சாய்த்துச் சரிசெய்தது, இடப்பக்கத்தை அசைத்தும் பயனில்லாமல் நிழலுக்கு நடந்துபோனது.

வளவில் மாற்றியவை

தறப்பாளை இப்போது கதியாலில் கட்டுவதில்லை. தனிக்கம்பு நட்டு, வேலியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கன்றுப் பைகளுக்கோ தறப்பாளுக்கோ பக்கத்தில் கூட்டுப்புழு கண்டால் அது ஒட்டியிருக்கிற குச்சியோடு வெட்டி எடுத்துத் தேசிமரத்தின் உட்கிளையில் கட்டிவிடுகிறார்கள். இடுப்புநூல் அறுந்து விழுந்ததென்றால், வாலடிப் பட்டுத் திண்டை நூலால் துணியில் தைத்துத் தொங்கவிடலாம். வெறுமையாக ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுவைப்பது நல்லதல்ல. வழுவழுப்பான சுவரில் கால் பிடிக்காது, ஏற முடியாமல் தரையிலேயே செட்டை இறுகிவிடும். பெட்டிதான் இருக்கிறதென்றால் உள்ளே ஒரு சாக்குத்துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழேயும் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விடவேண்டும். வெளிவந்து சில நிமிடத்துக்குள் விழுந்த பூச்சிக்குச் சொரசொரப்பான குச்சி ஒன்றை நீட்டினால் தானே பற்றி ஏறும். ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டதென்றால் செட்டையைத் தொடாமல், நிழலில் வைத்துச் சீனித்தண்ணீர் கொடுக்கலாம்.